பெரியம்மாவுக்காக ஒரு விடுப்பு

மார்ச் 4, 2024, திங்கள்
இரவு அக்கா போன் செய்தாள். பெரியம்மா குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பு எலும்பு முறிந்துவிட்டதாம். மதுரையில் நாளை மறுநாள் ஆபரேஷன். என் ஆறு வயதில் அம்மா போன பிறகு எனக்குச் சோறு போட்டதும், பீஸ் கட்டிப் படிக்க வைத்ததும் பெரியம்மாதான். இங்கே அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு தூக்கம் எப்படி வரும்?

மார்ச் 5, செவ்வாய்
மேனேஜரிடம் சொன்னேன். சம்பளத்தோடு மூன்று நாள் லீவ்தான் மிச்சம் என்றார். குடும்ப மருத்துவ விடுப்பு அம்மா அப்பாவுக்குத்தான், ஆன்ட்டிக்குக் கிடையாதாம். ஆன்ட்டி என்று சொன்னது நான்தான். அந்தச் சொல்லில் பெரியம்மா எங்கே இருக்கிறார்?

மார்ச் 6, புதன்
ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. விடியும்வரை சட்டத்தைப் படித்தேன். 1993-இல் வந்த கூட்டாட்சிச் சட்டம். 12 மாதத்தில் 12 வாரம் விடுப்பு. சம்பளம் கிடையாது, ஆனால் மருத்துவக் காப்பீடு தொடரும். திரும்பி வந்தால் அதே வேலையையோ அதற்கு இணையான வேலையையோ தர வேண்டும். ஓர் ஆண்டாவது அங்கே வேலை பார்த்திருக்க வேண்டும், கடைசி 12 மாதத்தில் 1,250 மணி நேரம் உழைத்திருக்க வேண்டும், 75 மைலுக்குள் நிறுவனத்துக்கு 50 பேராவது இருக்க வேண்டும். எனக்கு எல்லாமே பொருந்துகிறது.

அப்புறம்தான் அந்த லத்தீன் சொல் கண்ணில் பட்டது: இன் லோகோ பேரென்டிஸ். பெற்றோர் இடத்தில் நின்றவர். சிறு வயதில் நம்மை அப்படி வளர்த்தவரும் பெற்றோர்தானாம். ரத்த உறவோ தத்துப் பத்திரமோ தேவையில்லை. படித்துவிட்டு அழுதேன்.

(மாமியார், மாமனார் மட்டும் இதில் வரமாட்டார்கள். கலிபோர்னியா தன் மாநிலச் சட்டத்தில் அவர்களையும் சேர்த்திருக்கிறது. எல்லா இடத்திலும் சேர்க்க வேண்டும் என்பேன்.)

மார்ச் 7, வியாழன்
மனிதவளத் துறையில் பேசினேன். உறவை நிரூபிக்க என்னென்ன கேட்பார்களோ என்று பயந்தேன். நானே எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம் போதும் என்றார்கள். நான்கு வரிதான், ஒரு மணி நேரம் ஆனது. மிச்சமிருந்த மூன்று நாள் லீவும் இந்த 12 வாரத்துக்குள்ளேயே கழியும். சரி, இருக்கட்டும்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். முதல்முறை கேட்கும்போது சட்டத்தின் பெயரைச் சொல்லியாக வேண்டும் என்றில்லை. என்ன நிலைமை என்று சொன்னால் போதும். சட்டம் பொருந்துமா என்று விசாரிக்க வேண்டியது நிறுவனத்தின் பொறுப்பு. செவ்வாய்க்கிழமையே மேனேஜர் இரண்டு கேள்வி கேட்டிருக்கலாம். இது தெரியாமல் எத்தனை பேர் பேசாமல் சீட்டுக்குத் திரும்பிப் போயிருப்பார்கள்!

மார்ச் 16, சனி, மதுரை
மருத்துவச் சான்றுக்கு 15 நாள் கெடு. இந்திய டாக்டர் கையெழுத்து செல்லுமா என்று அக்காவுக்குச் சந்தேகம். செல்லும். நோயாளி வேறு நாட்டில் இருந்தால் அந்த நாட்டில் மருத்துவம் பார்க்கும் டாக்டரின் சான்றை ஏற்றே ஆக வேண்டும். தமிழில் எழுதியிருந்தால், கேட்கும்போது மொழிபெயர்ப்பைக் கொடுக்க வேண்டியிருக்கும். டாக்டர் ஆங்கிலத்திலேயே நிரப்பிக் கொடுத்தார், இன்றே அனுப்பிவிட்டேன்.

மார்ச் 31, ஞாயிறு
விடுப்பு முறைப்படி அனுமதிக்கப்பட்ட கடிதம் வந்துவிட்டது. மூன்று வாரம் போயிற்று, இன்னும் ஒன்பது இருக்கிறது. காலையில் பெரியம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்தார். "உனக்கு அங்கே வேலை போயிடாதாடா?" என்று மறுபடியும் கேட்டார். போகாது பெரியம்மா என்று சொல்லி, கடிதத்தைத் தமிழில் படித்துக் காட்டினேன்.