கட்டை மேல் நிற்கும் காடிலாக்

போன மே மாதம் என் 1959 மாடல் காடிலாக்கின் டயர் உருகிவிட்டது. காடிலாக் என்றால் அமெரிக்க சொகுசுக் கார். நிஜ வண்டி இல்லை, 1:18 அளவு டை காஸ்ட், அதாவது உலோகத்தை அச்சில் வார்த்து, நிஜத்தில் பதினெட்டில் ஒரு பங்கு அளவில் செய்த மாடல். பொம்மை என்றால் எனக்குக் கோபம் வரும். ஆனால் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், பழகிவிட்டது.

சத்துவாச்சாரியில் எங்கள் மாடி அறை மேற்குப் பார்த்தது. பக்கத்திலேயே மலை. பகலெல்லாம் காய்ந்த பாறை ராத்திரி ஒன்பது மணிக்கும் அனல் வீசும். வேலூர் வெயிலைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்ல. துடைக்கலாம் என்று அலமாரியிலிருந்து வண்டியைத் தூக்கினேன், அடித்தட்டும் கூடவே வந்தது. பிய்த்து எடுத்தால் தட்டில் நாலு பள்ளம், டயரில் பிசுபிசுப்பு. அப்புறம்தான் விஷயம் புரிந்தது. இந்த டயர்களில் பலவும் ரப்பரே இல்லை, மெத்தென்று இருப்பதற்காக எண்ணெய் மாதிரி ஒரு திரவம் கலந்த பி.வி.சி. அது மெல்லக் கசிந்து கீழே இருக்கும் பிளாஸ்டிக்கை அரித்துவிடுகிறது. குளிர்ந்த ஊரில் வருடக்கணக்கில் நடப்பதை நம்ம ஊர் ஒரே கோடையில் முடித்துவிட்டது.

அப்பாவிடம் காட்டினேன். ஆற்காடு ரோட்டுப் பக்கம் ஒரு பட்டறையில் நாற்பது வருடம் டிங்கர் வேலை பார்த்தவர். என் வண்டிகளை அவர் கண்ணால் பார்ப்பதே இல்லை, கட்டை விரலால்தான் பார்ப்பார். முதன்முதலில் நான் வாங்கியது 57 செவர்லே பெல் ஏர். எட்டாயிரம் ரூபாய், அவரிடம் மூவாயிரம் என்று சொல்லியிருந்தேன். பானெட்டிலிருந்து வால் வரை விரலை ஓட்டிவிட்டு, "இந்தப் பக்கம் கதவு கேப்பு கம்மியா கீது" என்றார். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒரு மயிரிழை. உண்மைதான்.

அப்புறம் வண்டியைக் கவிழ்த்து, நிமிர்த்தி, எதையோ தேடினார். "பெட்ரோல் எங்கடா ஊத்துவாங்க? மூடியே காணோம்."

அந்த வண்டியின் அழகே அதுதான். இடது பக்க வால் இறக்கையின் பின் விளிம்பில் ஒரு குரோம் பட்டை இருக்கும், அதைத் திறந்தால் உள்ளே மூடி. என் மாடலில் அது திறக்காது, வெறும் கோடுதான். அதில் நகத்தை வைத்துப் பார்த்துவிட்டு அப்பா சிரித்தார். "பங்க்ல வேலை செய்யறவன் செத்தான் போ."

காடிலாக்கைப் பார்த்து மட்டும் அவர் சிரிக்கவில்லை. நிஜ வண்டி ஐந்தே முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, என்னுடையது 32 சென்டிமீட்டர். அதில் பாதி வால்தான் என்று தோன்றும். இரண்டாம் உலகப்போர்க் காலத்து பி-38 போர் விமானத்தைப் பார்த்து, காடிலாக்கைத் தயாரித்த ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்லின் குழு இந்த வாலை 1948 மாடலில் சின்னதாக ஆரம்பித்தது, 59-ல் உச்சத்துக்குப் போனது என்று விளக்கினேன்.

"பறக்குமா?"

"இல்லப்பா, சும்மா அழகுக்கு."

"இதுல ஒரு லாரிக்காரன் லேசா தட்டினான்னா எனக்கு ரெண்டு நாள் வேலை."

அவர் கைபட்ட அமெரிக்க வண்டி ஒன்றே ஒன்று, டாக்ஸியாக ஓடிய டாட்ஜ் கிங்ஸ்வே. பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி பாகங்களைச் சேர்த்துப் பூட்டிய வண்டி. உடம்பு பிளைமவுத், பெயர் மட்டும் டாட்ஜ். அப்பாவைக் கேட்டால் அதன் மட்கார்டு தகட்டின் கனத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார். அவருக்காகவே நான் வலது பக்க ஸ்டீயரிங் வைத்த கிங்ஸ்வே ஒன்றை ஏழு வருடமாகத் தேடுகிறேன், கண்ணில் படவில்லை. மாடல் செய்கிறவர்களுக்கு பெல் ஏரும் தண்டர்பேர்டும் போதும். டாக்ஸியாக உழைத்த வண்டி யாருக்கு வேண்டும்?

சரி, டயர் கதைக்கு வருகிறேன். அப்பா பிசுபிசுப்பைத் தொட்டு முகர்ந்தார். "ஓடாத வண்டிய டயர் மேல நிக்க விடுவாங்களாடா?" என்று திட்டிவிட்டு, கொல்லையில் கிடந்த வேப்பங்கட்டையை அறுத்து, உப்புத்தாள் போட்டு, வண்டிக்கு நாலாகத் துண்டு செய்தார். சேஸுக்கு அடியில் கொடுத்ததும் சக்கரம் ஒரு நூல் அளவு மேலே நின்றது. இப்போது பதினோரு வண்டிகளும் அப்படித்தான் நிற்கின்றன.

போன வாரம் காட்பாடியிலிருந்து வந்த மாமா அலமாரியை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா மச்சான், எல்லாம் ரிப்பேரா?" என்றார்.

"ஆமா, பார்ட்ஸ் வரணும்" என்றார் அப்பா.