காதில் வலி, கோளாறு தொண்டையில்

காய்ச்சல் விட்டுவிட்டது, உடம்புவலியும் போய்விட்டது. இடது காதும் தொண்டையும் மட்டும் என்னை விடுவதாக இல்லை. சும்மா இருக்கும்போது காது லேசாகத்தான் வலிக்கும். எச்சில் விழுங்கினால் போதும், தொண்டையில் கிளம்புகிற வலி சூடான கம்பியாய்க் காதுக்குள் ஏறும். பகலில் வேலையோடு வேலையாக ஓடிவிடும். இரவுதான் கொடுமை. படுத்ததும் வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். விழுங்கப் பயந்து தேக்கி வைத்திருந்து, வேறு வழியில்லாமல் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு விழுங்குவேன். கண் அசரும் நேரத்தில் மறுபடியும் அதே கதை.

காதில் சொட்டு மருந்து போடச் சொன்னார்கள் வீட்டில். எனக்கு மனசு ஒப்பவில்லை. சீழ் வரவில்லை, காது மடலைப் பிடித்து இழுத்தாலும் வலி கூடவில்லை. விழுங்கும்போது மட்டும் ஏன் இப்படி?

மருத்துவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "செவிப்பறை நல்லா இருக்கு. வாயைத் திறங்க" என்றார். இடது டான்சில் சிவந்து வீங்கியிருந்தது. மூளையிலிருந்து கிளம்பும் 12 ஜோடி நரம்புகளில் 9ஆவது நரம்புதான் டான்சிலுக்கும் நாக்கின் அடிப்பகுதிக்கும் போகிறதாம். அதன் கிளை ஒன்று நடுச்செவிக்கும் போகிறது. அதனால் தொண்டைப் புண்ணின் வலியை மூளை காது வலியாகவும் எடுத்துக்கொள்கிறது. அதைக் கேட்டதுமே பாதி பயம் போய்விட்டது. காது கெட்டுவிடுமோ என்றுதான் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

ஆன்டிபயாடிக் வேண்டாமா என்று கேட்டேன். பெரும்பாலும் இது வைரஸ் வேலை, அதற்கு ஆன்டிபயாடிக் கேட்காது என்றார். பாராசிட்டமால், வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பது, நிறையத் தண்ணீர், அவ்வளவுதான். படுக்கப் போகும் முன் கொப்பளித்தால் கொஞ்ச நேரமாவது நிம்மதியாக இருந்தது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார். வாயைத் திறக்க முடியாமல் போனால், எச்சில்கூட இறங்காமல் வழிந்தால், குரல் அடைத்தாற்போல் மாறினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. டான்சிலை ஒட்டிச் சீழ் கட்டியிருக்கலாம். அப்புறம், காது நன்றாக இருந்தும் ஒரே பக்கம் 3 வாரத்துக்கு மேல் வலித்தால், காது மூக்கு தொண்டை நிபுணர் கேமரா வைத்துத் தொண்டையின் ஆழம் வரை பார்த்தாக வேண்டும்.

எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. விழுங்கும் வலி முதலில் குறைந்தது. காதடைப்பு மட்டும் இன்னும் முழுதாகப் போகவில்லை, கொட்டாவி விட்டால் 'டப்' என்று திறக்கிறது.