புளி விற்கும் மாதமும் தவணை கட்டும் தேதியும்

மகளிர் குழுக்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. தர்மபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கத்து ஊர்கள். மானாவாரி நிலம், ராகி, சாமை, கொஞ்சம் நிலக்கடலை, ஓரங்களில் புளியமரம். மழை ஏமாற்றினால் ஆண்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். பெண்களும் குழந்தைகளும் ஆடுமாடும் ஊரில் இருக்கும். அவர்களுடைய ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, தீர்மான நோட்டு எல்லாம் என் கையெழுத்தில்தான் இருக்கின்றன.

சமூகப்பணி படிக்கிற பிள்ளைகள் வருஷத்துக்கு ஒருமுறையாவது ஊருக்கு வந்து, "மைக்ரோ பைனான்ஸால் வறுமை குறைந்திருக்கிறதா அக்கா?" என்று கேட்பார்கள். எத்தனை குழு, எத்தனை லட்சம் கடன் என்று குறித்துக்கொள்வார்கள். அவர்களிடம் நான் கடன் பேரேட்டைத் திறந்து தேதிகளைப் பார்க்கச் சொல்வேன். பணம் எந்த மாதம் கைக்கு வந்தது, எந்த மாதம் திரும்பக் கேட்கப்பட்டது என்று பாருங்கள். ஒரு கடன் அந்த வீட்டைக் காப்பாற்றியதா, கவிழ்த்ததா என்பது பெரும்பாலும் அந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில்தான் இருக்கிறது.

புளியை எடுத்துக்கொள்ளுங்கள். மாசி, பங்குனியில் மரம் உலுக்குவார்கள். ஓடு உடைத்து, நார் எடுத்து, கொட்டை நீக்கித் தருவது பெண்கள் வேலை. அந்த நேரத்தில் ஊரெல்லாம் புளியாக இருப்பதால் விலை அடியில் கிடக்கும். அதற்கும் முன்னாலேயே வியாபாரி முன்பணம் கொடுத்திருந்தால், அவர் சொன்னதுதான் விலை. வீட்டில் இரண்டு மாதச் செலவுக்குக் காசு இருக்கிறவள் புளியைப் பானையில் அடைத்து வைத்துவிட்டு விலை ஏறும்வரை காத்திருப்பாள். இல்லாதவள் உடைத்த அன்றே கிடைத்த விலைக்கு விற்றுவிடுவாள். ஒரே மரம், ஒரே உழைப்பு. காத்திருக்க முடிந்தவளுக்கும் முடியாதவளுக்கும் நடுவில் நிற்பது ஆயிரமோ இரண்டாயிரமோதான். அந்தத் தொகையைத்தான் குழுவின் உள்கடன் தந்தது.

உள்கடன் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பதினைந்து பெண்கள், ஆளுக்கு மாதம் இருபது ரூபாய் சேமித்தால் மாதம் 300, வருஷம் 3,600. அந்தப் பணத்தைக் குழுவுக்குள்ளேயே தீர்மானம் போட்டுச் சுற்றவிடுவது. பழைய பேரேடுகளில் 'நோக்கம்' என்ற கட்டத்தைப் படித்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிறைந்துவிடும். பிரசவம் 500. பள்ளிக்கூடச் செலவு 300. கணவர் பெங்களூர் போகப் பஸ் செலவு 200. விதைக் கடலை 1,000. கருமாதி 1,000. தொழிலுக்கு வாங்காத கடன் வீண் என்று பயிற்சிகளில் சொல்லிக் கொடுத்த காலம் ஒன்று உண்டு. நான் அதை ஏற்றதே இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஆயிரம் ரூபாய் இல்லாமல் வளர்ந்து வருகிற ஆட்டை பாதி விலைக்கு ஓட்டிவிடுகிற வீட்டில், அந்த ஆயிரம் கடன் ஆட்டைக் காப்பாற்றுகிறது. இருக்கிற ஆடு கையை விட்டுப் போகாமல் இருப்பதும் வறுமை குறைவதுதான்.

இந்த ஏற்பாடு தமிழ்நாட்டில் அரசுத் திட்டமாகத் தொடங்கியதே எங்கள் மாவட்டத்தில்தான். 1983இல் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் வந்தது. 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, அப்போது கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த தர்மபுரி மாவட்டத்தில் முதல் குழுக்கள் தொடங்கின. பிறகு சேலம், மதுரை, ராமநாதபுரம் என்று பரவியது. 1992இல் வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கியான நபார்டு, நாட்டில் 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்க்கலாம் என்று சோதனையாக ஆரம்பித்தது. 1997-98இல் மாநிலம் முழுக்க மகளிர் திட்டம். அடமானம் இல்லாத, பத்திரம் இல்லாத பெண்களுக்கு அவர்களுடைய சேமிப்பையும் நோட்டுகளையும் பார்த்து வங்கி பணம் கொடுத்தது என்பதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். வங்கி வாசலை மிதிக்காத பெண்கள், மேனேஜர் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து பாஸ்புக்கில் ஏன் இன்னும் வரவு வைக்கவில்லை என்று கேட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது வட்டிக்கு வருகிறேன். பழைய குழுக்களில் உள்கடனுக்கு ரெண்டு வட்டி, அதாவது நூற்றுக்கு மாதம் இரண்டு. வருஷத்துக்கு 24 சதவீதம். அதிகம்தானே என்று படித்தவர்கள் முகம் சுளிப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 10,000 ரூபாய் வாங்கி மாதம் ஆயிரம் அசல் கட்டி, மீதிக்கு மட்டும் ரெண்டு வட்டி கொடுத்தால் முதல் மாதம் 200, அடுத்தது 180, அப்படியே குறைந்து பத்து மாதத்தில் மொத்த வட்டி 1,100. இன்னொருவர் வந்து, "பன்னிரண்டு சதவீதம்தாம்மா, ஒரு ரூபாய் வட்டி" என்று சொல்லி, முழு அசலுக்கும் வருஷம் பூராவும் வட்டி போட்டு மாதத் தவணையாக வாங்கினால் 1,200. அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வரும்போது வட்டி மட்டும் குறையாததால், உண்மையான வட்டி வருஷத்துக்கு 21 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. கடன் கொடுப்பவர் வருடாந்திர வட்டியை ஒரு விவரத்தாளில் எழுதித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி இப்போது கட்டாயம் ஆக்கியிருக்கிறது. தயவுசெய்து அந்தத் தாளை வாங்கிப் படியுங்கள்.

அதைவிட எனக்கு முக்கியம், அந்த 1,100 எங்கே போகிறது என்பது. உள்கடனில் அது குழுவின் பொது நிதிக்கே வருகிறது. அடுத்தவளுடைய பிரசவச் செலவுக்கு அதிலிருந்துதான் எடுக்கிறோம். வெளியாள் கடனில் அது ஊரை விட்டுப் போய்விடுகிறது.

வெளியாள் கடன் என்று நான் சொல்வது, ஊரில் எல்லோரும் 'குழு லோன்' என்று சொல்லும் தனியார் கடனை. இது பிறந்த இடம் வங்கதேசம். முகமது யூனுஸ் 1976இல் ஜோப்ரா கிராமத்தில் ஆரம்பித்து, 1983இல் கிராமீன் வங்கியாகி, 2006இல் நோபல் பரிசு வரைக்கும் போன முறை. பெண்களை நம்பி அடமானம் இல்லாமல் கொடுக்கலாம் என்று உலகத்துக்குக் காட்டியது பெரிய காரியம். ஆனால் எங்கள் ஊருக்கு அது வந்து சேர்ந்தபோது சேமிப்பு கழன்று போயிருந்தது. சட்டப்படி இந்த நிறுவனங்கள் மக்களிடம் டெபாசிட் வாங்கக் கூடாது. அதனால் இங்கே குழு என்பது கடனில் ஆரம்பித்துக் கடனிலேயே முடிகிறது. குழு முதலாம் ஆண்டிலும் கடனாளி, ஐந்தாம் ஆண்டிலும் கடனாளி, சொந்தமாக ஒரு பொது நிதி சேர்வதே இல்லை.

அடமானத்துக்குப் பதிலாக அங்கே வைக்கப்படுவது பக்கத்து வீட்டுக்காரியின் முகம். ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். எங்கள் ஊரிலேயே, தவணைக்கு வராத ஒரு பெண்ணுக்காக மற்றவர்களை இருட்டும்வரை எழுந்து போகவிடாமல் உட்கார வைத்திருந்தார்கள். பால் கறக்க வேண்டியவள், பிள்ளைக்குச் சோறு போட வேண்டியவள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்குப் பிறகு அந்தத் தெருவில் நாலு வீட்டுப் பெண்கள் அவளோடு பேசுவதில்லை. நாற்றுக்கும் களைக்கும் மாற்றாள் போய்க்கொண்டிருந்த உறவு அறுந்து போனது. அந்த இழப்பு எந்தப் பேரேட்டிலும் ஏறாது.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்று 2010இல் ஆந்திராவில் எல்லோரும் பார்த்தார்கள். ஒரே பெண் தலையில் பல நிறுவனங்களின் கடன். அந்த அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் போட்டு வீட்டு வாசல் வசூலைத் தடுத்தது. தவணை வசூலே அங்கே படுத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் ரிசர்வ் வங்கி 2011இல் தனி விதிகள் கொண்டுவந்தது. 2022 விதிகளின்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் கொடுப்பதுதான் நுண்கடன், அதாவது மைக்ரோ பைனான்ஸ் கடன். எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது. தமிழ்நாடு சட்டமன்றமும் 2025இல் கட்டாய வசூலைத் தடுக்கத் தனிச் சட்டம் நிறைவேற்றியது. நான் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் சொல்வது இந்த மணிக்கணக்கைத்தான். ஆறு மணிக்கு மேல் வந்து சத்தம் போட்டால், "நாளைக்குக் காலையில் வாங்க" என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

ஆனால் 'மாத வருமானத்தில் பாதி' என்ற விதி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மானாவாரிக் குடும்பத்துக்கு மாத வருமானம் என்று ஒன்று எங்கே இருக்கிறது? கடலை பிடுங்கினால் ஒரு வரவு, புளிக்கு ஒரு வரவு, பெங்களூரிலிருந்து எப்போதாவது ஒரு வரவு. வருஷத்துக் காசைப் பன்னிரண்டால் வகுத்தால் பேப்பரில் மாத வருமானம் வந்துவிடும். ஆடி மாதம் அந்தக் காசு வீட்டில் இருக்காது.

மாட்டுக் கடனில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். கறவை மாடு வாங்கக் கடன். பால் சங்கத்தில் ஊற்றினால் பத்து நாளைக்கோ பதினைந்து நாளைக்கோ ஒருமுறை பணம் வரும். வாங்கி வந்த மாடு புது இடத்தில் தண்ணீரும் தீனியும் பழகிப் பால் நிலைப்பதற்குள் முதல் தவணை வந்துவிடும். பிறகு சினை பிடித்து, கன்று போடுவதற்கு இரண்டு மாதம் முன்னால் கறவையை நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் கன்றும் கெடும், அடுத்த கறவையும் கெடும். அந்த இரண்டு மாதம் தீவனச் செலவு உண்டு, வரவு இல்லை, தவணை மட்டும் நிற்காது. அப்போதுதான் இரண்டாவது நிறுவனத்தில் கடன் வாங்கி முதல் நிறுவனத்துக்குக் கட்டுவது ஆரம்பிக்கிறது. அல்லது சினை மாட்டையே சந்தைக்கு ஓட்டுகிறார்கள். மாடும் போய், கடனும் மிச்சம்.

இது என் அனுபவம் மட்டும் இல்லை. கொல்கத்தாவில் கடன் வாங்கிய பெண்களில் ஒரு பகுதியினருக்கு முதல் தவணையை இரண்டு வாரத்தில் கேட்காமல் இரண்டு மாதம் விட்டுக் கேட்டு ஆராய்ந்திருக்கிறார்கள். 2013இல் கட்டுரையாக வந்தது. அவகாசம் கிடைத்தவர்கள் தொழிலில் கூடுதலாக முதல் போட்டார்கள், சில வருஷம் கழித்து லாபமும் வருமானமும் கூடியிருந்தன. கடன் கட்டாமல் விட்டவர்களும் அவர்களில்தான் அதிகம். கடன் கொடுப்பவர்கள் முதல் தவணையை உடனே கேட்பதை விடாமல் பிடித்துக்கொள்வதன் காரணம் அதில் இருக்கிறது. அவர்களுக்குப் பாதுகாப்பான அட்டவணை, மாடு வளர்ப்பவளுக்குப் பாதுகாப்பானது இல்லை.

பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுப்லோ குழுவினர் ஹைதராபாத்தில் 104 குடியிருப்புப் பகுதிகளில் செய்த ஆய்வும் உண்டு. நகரம்தான், ஆனாலும் முடிவு என் பேரேட்டோடு ஒத்துப்போகிறது. ஏற்கெனவே சிறு தொழில் வைத்திருந்தவர்களில் சிலர் பெருக்கிக்கொண்டார்கள். சராசரிக் குடும்பத்தின் செலவிடும் சக்தி பெரிதாக மாறவில்லை. எங்கள் ஊரில் பெட்டிக்கடை வைத்திருந்த அக்கா வங்கிக் கடனில் மளிகைக் கடையாக வளர்ந்தார். எதுவும் இல்லாதவர் கடனால் மட்டும் கடைக்காரர் ஆனதை நான் பார்க்கவில்லை.

குழுவுக்கே வராதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த இருபது ரூபாயைக்கூட மாதம் தவறாமல் எடுத்து வைக்க முடியாத பெண்கள். தனியாக இருக்கும் கிழவிகள், கைவிடப்பட்டவர்கள், படுக்கையில் ஆள் இருக்கிற வீடுகள். மாநில அரசின் வறுமை ஒழிப்புத் திட்டமான புது வாழ்வுத் திட்டக் காலத்தில் மக்கள் நிலை ஆய்வு நடத்தி, ஊர்க்காரர்களே உட்கார்ந்து மிகவும் ஏழை யார் என்று பிரித்தபோது அந்தப் பெயர்கள் வெளிச்சத்துக்கு வந்தன. இவர்களுக்குக் கடன் கொடுப்பது தவறு என்பதே என் முடிவு. ரேஷன் அரிசி, நூறு நாள் வேலைக் கூலி, உதவித்தொகை, இவைதான் இவர்களைத் தாங்குகின்றன. வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு அமைப்பு 2002இலேயே இதைப் புரிந்துகொண்டு, பரம ஏழைகளுக்கு மாட்டையோ ஆட்டையோ இலவசமாகக் கொடுத்து, கொஞ்ச காலம் செலவுக்குப் பணமும் பயிற்சியும் தந்தது. இந்தியா உட்பட ஆறு நாடுகளில் அந்த முறையைச் சோதித்தபோது, உதவி நின்ற பிறகும் வருமானம் கீழே இறங்கவில்லை. முதலில் கொடை, பிறகு சேமிப்பு, அதற்கும் பிறகுதான் கடன்.

எங்கள் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் போன கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டோம். எழுதியது நான்தான். மாட்டுக் கடனுக்கு முதல் இரண்டு மாதம் தவணை வேண்டாம், கறவை நிற்கும் இரண்டு மாதம் வட்டி மட்டும் வாங்குங்கள், தவணைத் தேதியைப் பால் பணம் வரும் நாளுக்குப் பிறகு வையுங்கள். புளி, கடலைக் கடன்களுக்கு மாதத் தவணை இல்லாமல் விற்பனைக்குப் பிறகு ஒரே தடவையில் வாங்குங்கள். அதற்குக் கூட்டமைப்பு பொறுப்பு. இருபத்திரண்டு குழுக்களின் கையெழுத்தோடு வங்கியில் கொடுத்திருக்கிறோம். மேலதிகாரிகளுக்கு அனுப்பியிருப்பதாகக் கிளையில் சொன்னார்கள். உங்கள் ஊரில் ஏதாவது வங்கி இப்படித் தவணையை மாற்றிக் கொடுத்திருந்தால் எந்தக் கிளை, எப்படிக் கேட்டீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் படித்துக் காட்டுகிறேன்.