கண்மாய்க்குப் பணம் அனுப்புமுன்

நம்மில் பலர் கண்மாய்க்கரை மேல் நடந்துதான் பள்ளிக்கூடம் போனோம். அந்தக் கண்மாய்களைத் தூர்வாரப் பணம் வேண்டுமென்று இப்போது ஊரிலிருந்து நம் ஊர்க்காரர் சங்கத்தைக் கேட்கிறார்கள். தாராளமாகக் கொடுக்கலாம், நாலு கேள்வி கேட்டுவிட்டு.

செட்டிநாடு வானம் பார்த்த பூமி. மழை பெய்தால்தான் தேனாறும் மணிமுத்தாறும் ஆறு. மற்ற நாளில் மணல். ஆண்டுக்கு ஏறக்குறைய 900 மில்லிமீட்டர் மழை, அதில் பாதியளவு ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் கொட்டிவிடும். நிலம் கிழக்கே கடலைப் பார்த்து மெல்லச் சரிகிறது. சரிவுக்குக் குறுக்கே வளைத்துக் கரை போட்டுத் தேக்கியதுதான் கண்மாய். மேலக் கண்மாய் நிறைந்து, மிஞ்சிய நீர் மறுகாலாகப் பாய்ந்தால்தான் கீழக் கண்மாய்க்கு வரத்து. மிஞ்சிய நீர் வழியும் கலுங்கின் கற்களுக்கு நடுவே வைக்கோலும் களிமண்ணும் அடைத்து ஒரு சாண் நீரைக் கூடுதலாகத் தேக்கினால் கீழூருக்குத் தண்ணீர் பிந்தும், மேலே, நீர் தேங்கும் உள்வாயை ஒட்டிய வயல் முங்கும். ஊர்ச் சண்டைகளில் பாதி அந்த ஒரு சாணில் பிறந்தவைதான்.

மடை என்பது கண்மாய் நீரை வயலுக்குத் திறந்துவிடும் வாய். பழைய குமிழி மடையில் மேலே நீரோடித் துளை, அடியில் சேறோடித் துளை. ஆள் முங்கி அடைப்பைத் தூக்கினால் நீரோடு கொஞ்சம் சேறும் வயலுக்குப் போய்விடும். ஷட்டர் மடையில் அந்த வசதி இல்லை. அதனால் வண்டலை ஆள் வைத்துத்தான் அள்ள வேண்டும்.

அள்ளுவதில்தான் கோளாறு. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்த நீர் தானாக வயலுக்கு ஏறாது. மாட்டுக்கும் மீனுக்கும் ஆகும், நெல்லுக்கு இன்ஜின் வேண்டும். நம் பக்கம் வண்டலுக்கும் களிக்கும் அடியில் பல இடங்களில் செம்பூரான் கல் சரளை. பொக்லைன்காரர் உற்சாகத்தில் களியைத் தாண்டிவிட்டால் தை பிறக்குமுன் தண்ணீரை நிலமே குடித்துவிடும். குடிநீர் ஊருணிக்கு இது இன்னும் ஆபத்து. கரையடியை ஒட்டி மண்ணெடுத்தால் கரை சரியும். கரைமேல் நிற்கும் சீமைக்கருவேலத்தை வெட்டி வேரை விட்டுவைத்தால், வேர் மக்கிய வழியும் எலி வங்கும் நண்டு வளையும் சேர்ந்து கசிவாகும். கசிவு தெளிவாக வந்தால் கண்காணித்தால் போதும். கலங்கி வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம். மண்மூட்டையை அன்றைக்கே இறக்க வேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் நீர் கொண்டுவரும் வரத்துக்கால் அடைபட்டிருந்தால் கண்மாய் வெறும் பள்ளம். மனைப்பிரிவு போட்டவர் கால்வாயைத் தூர்த்திருப்பார், ரோடு போட்டவர் சின்னக் குழாய் ஒன்றைப் பதித்துவிட்டுப் போயிருப்பார். கால்வாய் வேலையில் பெயர்ப்பலகை வைக்க இடமில்லை. நன்கொடை அந்தப் பக்கம் திரும்பாததற்கு அதுதான் காரணம் என்று தோன்றுகிறது.

கண்மாய் யார் கையில் இருக்கிறது என்பதையும் கேளுங்கள். ஜமீன் காலத்தில் சிவகங்கைச் சமஸ்தானம் பார்த்தது. குடிமராமத்துக்கு, அதாவது கண்மாயைக் கூடிப் பராமரிக்கும் வேலைக்கு, ஊரார் வரவேண்டும் என்று 1858-லேயே சட்டம் இருந்தது. 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு அரசுக்கு வந்தது. இன்று ஆயக்கட்டு, அதாவது கண்மாய் பாயும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் என்றால் பொதுப்பணித்துறை வழிவந்த நீர்வளத்துறை, அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியம். அனுமதி இல்லாமல் ஒரு டிராக்டர் மண்கூட எடுக்க முடியாது.

தோண்டுவதைவிட விட்டுவைப்பதே வேலையாக இருக்கும் கண்மாயும் உண்டு. திருப்பத்தூர்ப் பக்கம் பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மூன்று கண்மாய்களும் சேர்ந்து 1977 முதல் பறவைகள் சரணாலயம், 38.4 ஹெக்டேர். நத்தைகுத்தி நாரையும் சாம்பல் நாரையும் நீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூடு கட்டுகின்றன. குஞ்சுகள் மிரளக்கூடாதென்று கொள்ளுக்குடிப்பட்டியார் தீபாவளிக்கும் வெடி போடுவதில்லை. எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்கள் கணக்கு. அங்கே மரத்தை அகற்றிச் சுத்தம் செய்கிறோம் என்று யாராவது கிளம்பினால் கூடே போய்விடும்.

பணம் பங்குனிக்குள் ஊருக்குப் போய்ச் சேர வேண்டும். சித்திரை, வைகாசியில் உள்வாய் காயும். ஆடிக்குள் கால்வாயும் கரையும் முடிந்தால்தான் புது மண் இறுகும். தீபாவளிக்கு வசூலித்து அனுப்பும் நம் வழக்கத்தை மாற்றாவிட்டால், பணம் போய்ச் சேரும்போது கண்மாய்க்குள் இடுப்பளவு தண்ணீர் நிற்கும்.