நெருப்புப்பெட்டி எந்த உயரத்தில் வழுக்கும்? மட்டக்களப்பு கல்லடியில் செய்து பார்த்த உராய்வுச் சோதனை

விடுமுறைக்கு வந்து நின்ற தங்கச்சியின் பிள்ளைகளை ஃபோனிலிருந்து பிரிக்கத்தான் இதைத் தொடங்கினேன். பழைய அலுமாரியில் கழற்றிய போமைக்காத் தட்டு ஒன்று, 60 செ.மீ. நீளம். ஒரு முனையை மெல்ல உயர்த்த வேண்டும். மேலே வைத்த நெருப்புப்பெட்டி வழுக்கத் தொடங்கும் உயரத்தை அடிமட்டத்தால் அளக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

வெறும் தட்டில் 20 செ.மீ., பன்பாய்த் துண்டு விரித்தால் 25, அரத்தாளில் 38. உயரத்தைத் தரையில் அளந்த அடிநீளத்தால் வகுத்தால் உராய்வுக் குணகம், அதாவது பிடிப்பு எவ்வளவு என்று காட்டும் எண், வந்துவிடும்: தட்டுக்கு 0.35, அரத்தாளுக்கு 0.8 போல. சொரசொரப்பு கூடினால் பிடிப்பும் கூடும் என்று மூத்தவள் கொப்பியில் எழுதியே விட்டாள். எழுதட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் பாரம். "கூடப் பாரம் வெச்சா கெதியா வழுக்கும் மாமா" என்று சின்னவன் அடித்துச் சொன்னான். அழுத்தம் கூடுவதால் வழுக்காது என்றாள் அக்காக்காரி. பெட்டி நிறைய ஐந்து ரூபாய்க் குற்றிகளைப் போட்டும் ஏறக்குறைய அதே 20இல்தான் வழுக்கியது. இரண்டு பேருக்கும் தோல்வி! பாரம் கூடும்போது கீழே இழுக்கும் விசையும், தடுக்கும் உராய்வும் ஒரே விகிதத்தில் கூடுகின்றன. மரக்கட்டையைப் படுக்கவைத்தாலும் நிமிர்த்தி வைத்தாலும் பெரிய வித்தியாசமில்லை. 1699இல் பிரான்சின் விஞ்ஞானி அமொன்ரன் வெளியிட்ட விதிகள் இவைதான். அதற்கு இரு நூற்றாண்டு முன்பே டாவின்சி தன் குறிப்பேடுகளில் இதை எழுதி வைத்திருந்தார்.

எனக்குப் பிடித்தது அழிறப்பர்தான். கண்ணாடிபோல வழவழத்த அதே வெறும் தட்டில் புது அழிறப்பர் 41 செ.மீ. வரை அசையவில்லை. அரத்தாளில் பெட்டி நின்றதைவிடக் கூடுதல். மெத்தென்ற றப்பர் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களுக்குள் படிந்து ஒட்டிக்கொள்கிறது. முகப்பவுடர் கொஞ்சம் தூவியதும் பாதி உயரத்திலேயே சறுக்கி விழுந்தது. கொப்பியில் எழுதிய வரியை மூத்தவள் தானாகவே வெட்டினாள். எந்த மேற்பரப்பு என்று மட்டும் கேட்டால் போதாது, எதன்மேல் எது என்று கேட்க வேண்டும்.

பின்னேரம் கடற்கரைக்குப் போனோம். கச்சான் காற்றுக்கு மணல் நன்றாக உலர்ந்து கிடந்தது. கல் ஏற்றிய தகர மூடியை றப்பர் பாண்டில் கட்டி இழுத்தால் முன்னால் மணல் குவிந்து பாண்ட் நீண்டுகொண்டே போகிறது. அளவாக ஈரம் பட்ட மணலில் குவியல் இல்லை, இழுவையும் குறைவு. தண்ணீர் கூடினால் மறுபடி கஷ்டம். 2014இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சரியான ஈரத்தில் இழுக்கும் விசை பாதியாகக் குறையலாம் என்று காட்டினார்கள். பழைய எகிப்திய ஓவியமொன்றில் பெருஞ்சிலை ஏற்றிய சறுக்குவண்டிக்கு முன்னால் ஒருவன் தண்ணீர் ஊற்றுகிறான். அதற்கு இதைத்தான் காரணமாகச் சொன்னார்கள்.

அந்தச் சரியான ஈரம் எவ்வளவு என்று சிரட்டையால் அளந்து பார்ப்பதுதான் அடுத்த வேலை. அதற்கு றப்பர் பாண்ட் சரிவராது, இழுக்கும் விசையை அளக்கும் ஒரு விற்றராசு தேட வேண்டும்.