முப்பத்தேழரைக் காசு

கையுறைகள் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதன் உட்பக்கத்தில் கறுப்பு மார்க்கரால் கணக்குப் போட்டிருந்தார் அந்தச் சிவகங்கைக்காரர். 572 பெருக்கல் 12. வகுத்தல் 52. வகுத்தல் 44. விடை 3 வெள்ளி. அதன் கீழே கோடு இழுத்து, ஒன்றரை மடங்கு, 4 வெள்ளி 50 காசு. காலைக் கூட்டம் முடிந்து எல்லோரும் பாதுகாப்பு பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அதை என்னிடம் நீட்டினார்.

"அண்ணே, இது சரியா என்று மட்டும் சொல்லுங்கள்."

சரிதான். எனக்கு அது முன்பே தெரியும் என்பதுதான் சிக்கல்.

அது 2017 ஆகஸ்ட் மாதம். சிங்கப்பூரின் வடக்கே செம்பவாங்கில் ஒரு கப்பல் பட்டறையில், துணை ஒப்பந்த நிறுவனம் ஒன்றுக்காகச் சாரம் கட்டும் வேலை. 2008இல் மஞ்சள் ஹெல்மெட்டுடன் பைப் சுமக்க வந்தவன் நான். எட்டு ஆண்டுகள் கழித்து வெள்ளை ஹெல்மெட் தலையில் ஏறியது. சூப்பர்வைசர் ஆகிவிட்டதால் தனி வண்டியெல்லாம் கிடைத்துவிடவில்லை. விடுதியிலிருந்து அதே லாரிதான். ஆனால் பின்னால் பலகையில் உட்காராமல், ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்காரலாம். மழைக்காலத்தில் அந்த இருக்கையின் மதிப்பு நன்றாகத் தெரியும். பின்னால் தார்ப்பாயை இழுத்துப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களைக் கண்ணாடியில் பார்க்காமல் இருக்கவும் சீக்கிரமே பழகிவிடும்.

கணக்கு இதுதான். சட்டப்படி ஒரு மணி நேரக் கூலியை வாரத்துக்கு 44 மணி நேரம் என்ற அடிப்படையில் கணக்கிட வேண்டும். எங்கள் அலுவலகமோ மாதச் சம்பளமான 572 வெள்ளியை 26 நாளால் வகுத்து, பிறகு 8 மணி நேரத்தால் வகுத்தது. மணிக்கு 2 வெள்ளி 75 காசு. ஓவர்டைம் என்றால் அதில் ஒன்றரை மடங்கு, 4 வெள்ளி 12 காசும் அரைக்காசும். மணிக்கு முப்பத்தேழரைக் காசு குறைகிறது. மாதத்தில் 72 மணி நேரம் ஓவர்டைம் பார்த்தால் 27 வெள்ளி. ஊர்க்கணக்கில் ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு மேல்.

2016 ஏப்ரலில் சம்பளச் சீட்டு கட்டாயமானதற்கு முன்னால் இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. மொத்தத் தொகைதான் கைக்கு வரும். சீட்டு வந்த பிறகு, எத்தனை மணி நேரம், மணிக்கு எவ்வளவு என்று தனித்தனியாக அச்சாகி வந்தது. வர்க்க உணர்வை ஊட்டுவது கட்சியின் வேலை என்று அப்பா சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். இங்கே அதை ஓர் அரசாங்க விதிமுறை செய்துவிட்டதே என்று அன்று உள்ளுக்குள் சிரிப்பு வந்தது.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம். அப்பா விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர், இன்றும் மார்க்சிஸ்ட் கட்சியின் கிளை உறுப்பினர். எங்கள் வட்டாரத்தில் மே மாதத் தொடக்கம் துக்கமும் பெருமையும் கலந்தது. தம்பிக்கோட்டையில் பிறந்து, சிறுவயதிலேயே சிங்கப்பூர் வந்து, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக உயர்ந்த எஸ். ஏ. கணபதி 1949 மே 4இல் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். ஒரு துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. நேரு அரசு தலையிட்டுக் கேட்டும் வெள்ளையர் நிறுத்தவில்லை. அதற்கு முந்தைய நாள்தான் அவருடைய தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். மறு ஆண்டு மே 5இல் வாட்டாக்குடி இரணியன். சிங்கப்பூரில் இருந்து, நேதாஜியின் படையில் சேர்ந்து, ஊர் திரும்பிப் பண்ணையார்களை எதிர்த்தவர். சுதந்திர இந்தியாவின் போலீஸ் சுட்டது.

நான் விமானம் ஏறியபோது அப்பா திருநீறு பூசவில்லை. "கணபதி இருந்த ஊருக்குப் போகிறாய்" என்றார், அவ்வளவுதான். வந்து பார்த்தால் இங்கே கணபதியைத் தெரிந்த ஒருவரையும் காணோம். நாங்கள் சாரம் கட்டிய இந்தக் கரைதான் அந்தக் காலத்து பிரிட்டிஷ் கடற்படைத் தளம் என்பதையே, யீஷூன் முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்தன்று பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட ஒரு பெரியவர் சொல்லித்தான் அறிந்தேன். அவருடைய அப்பா தளத்தில் வேலை பார்த்தவராம். 1952 டிசம்பர் கடைசியில் மலையாளிகளும் தமிழர்களும் சீனர்களுமாக ஆயிரக்கணக்கானோர் இங்கே வேலைநிறுத்தம் செய்திருக்கிறார்கள். "வருஷப் பிறப்புக்கு வீட்டில் அடுப்பு எரியவில்லை, ஆனால் அப்பா பாட்டுப் பாடிக்கொண்டு திரிந்தார்" என்றார் பெரியவர், ரசத்தை ஊற்றிக்கொண்டே.

இந்த ஊரின் தொழிற்சங்கக் கதையை ஒரே மனிதரின் வாழ்க்கையில் பார்க்கலாம் என்றால் அவர் தேவன் நாயர்தான். பிரிட்டிஷ் எதிர்ப்புக் கழகத்தில் இருந்து 1951இல் சிறை, 1956இல் மீண்டும் சிறை, 1959இல் விடுதலை, பிறகு தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸான என்டியுசியைக் கட்டி எழுப்பி, 1981இல் நாட்டின் அதிபர். அவருடன் சிறையிருந்த இடதுசாரித் தொழிற்சங்கத் தலைவர் லிம் சின் சியோங் வேறு பக்கம் நின்றார். தான் கம்யூனிஸ்ட் அல்ல என்றே கடைசிவரை சொன்னார். 1963 பிப்ரவரியில் நூற்றுக்கும் மேற்பட்டோருடன் மறுபடி உள்ளே போனார். நாயர் பக்கம் வென்றது. அரசு, முதலாளி, சங்கம் மூவரும் ஒரே மேசையில் உட்காரும் முறை வேரூன்றியது. அப்பாவிடம் இதைச் சொன்னால் "சமரசம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். எனக்கு அவ்வளவு எளிதாகத் தெரியவில்லை. மேசையில் ஒரு நாற்காலி இருப்பது நல்லதுதான். சாரத்தின் மேல் நிற்பவனுக்கு அந்த நாற்காலி கண்ணில் படுகிறதா என்பதுதான் என் கேள்வி.

மே தினம் இங்கே பொது விடுமுறை. அன்று வேலை பார்த்தால் கூடுதலாக ஒரு நாள் சம்பளம் உண்டு என்பதால், பெயர் கொடுக்க எங்கள் ஆட்கள் முண்டியடிப்பார்கள். ஊரில் அப்பா கொடியேற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் நான் அந்தப் பட்டியலை எழுதிக்கொண்டிருப்பேன்.

அட்டைக்கு வருகிறேன். "அலுவலகத்தில் கேட்கிறேன்" என்று சிவகங்கைக்காரரிடம் சொன்னேன். கேட்கவும் செய்தேன், தேநீர் நேரத்தில், கணக்காளரிடம், ஏதோ பொழுதுபோகக் கேட்பதுபோல. "எல்லா இடத்திலும் இப்படித்தான்" என்றார் அவர். திரும்பி வந்து, "கொஞ்சம் பொறுங்கள்" என்றேன். இரண்டு மாதம் பொறுத்தார்கள். ஓய்வு நேரத்தில் பலகைமேல் உட்கார்ந்து ஒருவர், 2012இல் வேலைநிறுத்தம் செய்த சீன நாட்டு பஸ் ஓட்டுநர்கள் 171 பேரின் கதையைச் சொன்னார். 29 பேரை ஊருக்கு அனுப்பினார்கள், ஐந்து பேரைச் சிறையில் அடைத்தார்கள் என்று முடித்தார். பேச்சு அத்துடன் நின்றது. நான் அதைக் கேட்டுக்கொண்டு கிளாம்ப் எண்ணிக்கொண்டிருந்தேன்.

குட்டி பூர்ஷ்வா, அதாவது முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நிற்கிறவன், என்ற சொல்லை அப்பாவின் வாயில் ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். அது கடைக்காரரையும் வாத்தியாரையும் குறிக்கும் என்று நினைத்திருந்தேன்.

அக்டோபரில் ஒரு நாள் சிவகங்கைக்காரர் விடுப்பு எடுத்தார். வயிற்றுவலி என்றார். அந்த ஏப்ரலில்தான் சம்பளப் பிணக்குகளுக்காக ஒரு முத்தரப்பு அமைப்பு திறந்திருந்தது. சீட்டுகளையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு அங்கே தனியாகப் போயிருக்கிறார். சமரசப் பேச்சுக்கு நிறுவனத்தை அழைத்தார்கள். ஓர் ஆண்டுப் பாக்கியாக ஏறக்குறைய 300 வெள்ளி அவருக்குக் கிடைத்தது. வழக்குப் போடாத மற்ற நாற்பது பேருக்கும் அடுத்த மாதச் சீட்டில் 4 வெள்ளி 50 காசு என்று அச்சாகி வந்தது. எவரும் எதுவும் பேசவில்லை. அன்று மாலை லாரியின் பின்பக்கம் வழக்கத்தைவிடச் சத்தமாக இருந்தது.

மறு ஆண்டு அவருடைய வேலை பர்மிட் முடிந்தபோது நிறுவனம் புதுப்பிக்கவில்லை. காரணம் சொல்லப்படவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

இதையெல்லாம் அப்பாவிடம் தொலைபேசியில் சொல்ல எனக்கு வெகுநாள் ஆனது. சொன்னபோது, என் பங்கைக் கொஞ்சம் பெரிதாக்கித்தான் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, "அந்தத் தம்பி இப்போது ஊரில்தான் இருக்கிறானா?" என்றார்.

"ஆமாம், சிவகங்கையில்."

"நம்பர் சொல்."

சொன்னேன். மறுமுனையில் அவர் தினசரிக் காலண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழிக்கும் சத்தம் கேட்டது.