மனை எண் 41-ஏ

கிரயப் பத்திரத்தில் வாங்குகிறவர்கள் ஊன்றிப் படிக்கும் இடங்கள் இரண்டே: தம் பெயரும் தகப்பனார் பெயரும் பிழையில்லாமல் இருக்கின்றனவா என்பது ஒன்று, தொகை எழுத்தாலும் எண்ணாலும் ஒத்துப்போகிறதா என்பது மற்றொன்று. கடைசிப் பக்கத்தில் வரும் சொத்து விவரத்தை, அதாவது சர்வே எண், விஸ்தீரணம், நான்கு எல்லை ஆகியவற்றை, எழுதுகிறவனின் பொறுப்பில் விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். சென்னைக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரம் எழுதிப் பிழைக்கும் எனக்கு, அந்தக் கடைசிப் பக்கம்தான் பத்திரமே. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, சொத்தை அடையாளம் காணப் போதுமான விவரம் ஆவணத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அந்த விவரம் உண்மையா என்று தரையில் போய்ப் பார்க்கும் வேலையை அந்தச் சட்டம் பதிவு செய்பவருக்கும் வைக்கவில்லை, எழுதுபவருக்கும் வைக்கவில்லை.

எங்கள் பகுதி எப்படி ஊராக இருந்து நகரமானது என்பதை ஒரே மனையின் தாய்ப்பத்திரங்களை, அதாவது அது முன்பு கைமாறியபோது எழுதிய பழைய பத்திரங்களை, வரிசையாக அடுக்கி வைத்தாலே படித்துவிடலாம். மிகப் பழைய பத்திரத்தில் செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டம் என்றிருக்கும், 1997-க்குப் பிந்தியதில் காஞ்சிபுரம் மாவட்டம், 2019 நவம்பருக்குப் பிந்தியதில் செங்கல்பட்டு மாவட்டம். நிலம் அங்கேயேதான் கிடந்தது. எல்லைகளின் மாற்றம் இதைவிடச் சுவையானது. பழைய விவசாய நிலப் பத்திரங்களில் கிழக்கே இன்னாருடைய நஞ்சை, மேற்கே ஏரிக் கால்வாய், வடக்கே வண்டிப்பாட்டை, தெற்கே இன்னார் வகையறா புஞ்சை என்று ஆட்களும் நீரும் வழியும் எல்லையாக நின்றன. லேஅவுட் காலம் வந்ததும், வடக்கே 20 அடி அகலச் சாலை, தெற்கே மனை எண் 58, கிழக்கே மனை எண் 42 என்று எல்லாம் எண்களாகிவிட்டன. வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று நீண்டுகொண்டே போகும் இந்த வரிசையில், ஒருவருக்கொருவர் எல்லையாக எழுதப்பட்டும் முகம் பார்த்தறியாத ஆயிரக்கணக்கானவர்களை நான் பத்திரத்தில் அருகருகே குடிவைத்திருக்கிறேன். வாங்கிப் போட்டுவிட்டுப் பத்து வருடம் வராதவர்களே அவர்களில் அதிகம்.

2000-த்தின் தொடக்க ஆண்டுகளில் ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற சொல் எங்கள் பக்கம் நாணயம் போலப் புழங்கியது. மனைப்பிரிவு வரைபடத்தில் ஊராட்சித் தலைவரின் முத்திரையும் பச்சை மசிக் கையெழுத்தும் இருந்தால் போதும், ஏஜென்ட் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வேன் நிறைய ஆட்களைக் கூட்டி வந்துவிடுவார். மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குக் கிடையாது. 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி அது சி.எம்.டி.ஏ. எனும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கும் டி.டி.சி.பி. எனும் நகர் ஊரமைப்பு இயக்ககத்துக்கும் உரியது. இது எங்களுக்குத் தெரியாததல்ல. பதிவுக்குத் தடை இல்லாதிருந்தது, எழுதினோம். அனுமதி பெற்ற பெரிய மனைப்பிரிவுகளில் சாலை போக மிச்சத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, அதையும் சாலைகளையும் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும். பஞ்சாயத்து லேஅவுட்டில் பூங்கா என்பது வரைபடத்தில் தீட்டிய பச்சைப் பென்சில் நிறம் மட்டுமே. எழுதிக் கொடுக்காத இடம் யாருடையது? பட்டாவில் பழைய நில உரிமையாளரின் பெயரே நீடிக்கும். அவர் சார்பில் விற்க அவரிடம் பொது அதிகாரப் பத்திரம் வாங்கிய, மனை பிரித்து விற்கும் புரோமோட்டர் எப்போது வேண்டுமானாலும் அதை விற்கலாம்.

விற்றார். அந்தக் கிரயத்தை எழுதியவன் நான்.

அது 86 மனைகள் கொண்ட ஒரு பிரிவு. 2004-இல் 41-ஆம் மனைக்கு நான் எழுதிய பத்திரத்தில் எல்லை இப்படி இருக்கிறது: “வடக்கே 20 அடி அகலச் சாலை, தெற்கே மனை எண் 58, மேற்கே மனை எண் 40, கிழக்கே பூங்காவுக்காக விடப்பட்ட இடம், இதன் மத்தியில் கிழமேல் வடபுறம் 30 அடி, தென்புறம் 30 அடி, தென்வடல் கீழ்புறம் 40 அடி, மேல்புறம் 40 அடி, ஆக 1200 சதுர அடி கொண்ட காலி மனை.” வரைபடத்தில் அந்தப் பூங்கா கிழமேல் 130 அடி, தென்வடல் 40 அடி. நியாயமாக விட வேண்டிய 10 சதவீதத்தில் அது பாதிகூடத் தேறாது என்பது வேறு கதை. மூன்று ஆண்டுகள் கழித்து, அதே புரோமோட்டரின் ஆள் ஒரு புதிய வரைபட நகலோடு வந்தார். அதே முத்திரை, அதே பச்சை மசி. 41-க்கும் பூங்காவுக்கும் நடுவில் 41-ஏ, 41-பி என்று இரண்டு மனைகள் மட்டும் புதிதாக முளைத்திருந்தன. எண்ணுக்குப் பின்னால் ஆங்கில எழுத்து ஒட்டிக்கொண்டு வந்தாலே, அது முதலில் இல்லாத மனை என்று இந்தத் தொழிலில் இருப்பவன் சந்தேகப்பட வேண்டும். அன்று மாலை முகூர்த்த நாளின் கூட்டம், கையில் டோக்கன், பின்னால் நான்கு பார்ட்டிகள். “திருத்திய பிளான் சார்” என்றார் அவர். நான் பழைய கோப்பை எடுத்துப் பார்க்கவில்லை. 41-ஏ-வுக்கு “மேற்கே மனை எண் 41” என்று தட்டச்சு செய்து முடித்தேன்.

வாங்கியவர் அம்பத்தூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பிட்டராக இருந்தவர். வருங்கால வைப்பு நிதியிலிருந்து எடுத்த பணம் என்று, யாரும் கேட்காமலேயே சொன்னார்.

2016 செப்டம்பர் 9 அன்று, அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, எங்கள் தெருவே அடங்கிப்போனது. அத்தகைய பதிவை மறுக்கச் சொல்லும், பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவும் அதே ஆண்டு அக்டோபர் 20-இல் நடைமுறைக்கு வந்தது. அதுவரை காலை ஏழு மணிக்கே நிரம்பிவிடும் என் பெஞ்சில் திருமணப் பதிவுக்கு வந்தவர்களும் வில்லங்கச் சான்று கேட்டு வந்தவர்களும் மட்டுமே உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு எழுத்தர்கள் கடையை மூடிவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள். நானும் மற்றவர்களோடு சேர்ந்து அந்த உத்தரவைத் திட்டியவன்தான். இப்போது நினைத்துப் பார்த்தால், அது பத்துப் பதினைந்து வருடம் முன்னதாகவே வந்திருக்க வேண்டிய உத்தரவு என்றுதான் தோன்றுகிறது. வந்திருந்தால் அதே அளவுக்குத் திட்டியிருப்பேன் என்பதையும் மறைப்பதற்கில்லை.

மறு ஆண்டு மே மாதம் அனுமதியற்ற மனைகளை வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்பனையான மனைகளுக்குக் கட்டணம் கட்டி வரன்முறை பெறலாம் என்றன அவை. நீர்நிலை, புறம்போக்கு போன்றவற்றில் அமைந்தவற்றுக்கு அந்த வழி கிடையாது. தனி மனைக்கு முன்னால் மனைப்பிரிவு முழுமைக்கும் கொள்கை அளவிலான ஒப்புதல் வேண்டும். அதற்கு வரைபடம் வேண்டும், யார் யாருக்கு எந்த மனை விற்கப்பட்டது என்ற விவரம் வேண்டும், சாலைகளை உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். குடிவந்து பல ஆண்டுகளாகியும் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியாமல் வாழ்ந்த 86 மனைக்காரர்களும் ஒருவரையொருவர் தேடிப் பிடிக்க வேண்டிய கட்டாயம் அப்போதுதான் வந்தது. எங்கள் பகுதியின் பல நலச் சங்கங்கள் இப்படிப் பத்திர நகல் திரட்டக் கூடிய கூட்டத்தில் பிறந்தவையே. முதலில் வாட்ஸ்ஆப் குழு, பிறகு தண்ணீர் லாரிக் கணக்கு, பிறகு தெருவிளக்கு மனு என்று அவை வளர்ந்தன.

அந்தப் பிரிவின் சங்கச் செயலாளர், ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஓர் அம்மையார், ஒருநாள் என் மேஜைமேல் இரண்டு நகல்களை அருகருகே வைத்தார். ஒன்று 41, மற்றொன்று 41-ஏ. விரலால் இரண்டு வரிகளைத் தொட்டுக் காட்டினார். 41-இன் கிழக்கே பூங்கா. 41-ஏ-வின் மேற்கே மனை எண் 41. இரண்டின் அடியிலும் ‘ஆவணம் தயாரித்தவர்’ என்ற இடத்தில் என் பெயரும் உரிம எண்ணும்.

“ரெண்டையும் நீங்கதானே எழுதினீங்க? பூங்கா எங்க போச்சு தம்பி?” என்றார்.

திருத்திய வரைபடம், அவர்கள் கொடுத்ததை எழுதினோம் என்று நான் சொல்லத் தொடங்கியதை அவர் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அதுதான் சங்கடமாக இருந்தது. பிறகு, 1991-இல் பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தை ஒரு தனியார் நர்சிங் ஹோமுக்குக் கொடுத்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின் அச்சுப்பிரதியைப் பையிலிருந்து எடுத்தார். அப்பகுதிவாசிகளுக்கு அதைக் கேட்க உரிமை உண்டு என்று அந்தத் தீர்ப்பில் வரும் இடத்தை அடிக்கோடிட்டு வைத்திருந்தார். முறையாகத் திட்டமிட்டு ஒதுக்கிய இடத்துக்கும் ஊராட்சி முத்திரை குத்திய வரைபடத்துக்கும் வேறுபாடு உண்டு, வழக்கு நெடுங்காலம் இழுக்கும் என்று நான் சொன்னேன். அவருக்கும் அது தெரிந்திருந்தது. வழக்கா வேண்டாமா என்று சங்கத்தில் ஆறு மாதமாகச் சண்டை நடப்பதாகச் சொன்னார். சண்டையின் காரணம் எனக்கு அதற்குப் பிறகுதான் விளங்கியது.

மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே நடந்த அவர்களுடைய கூட்டம் ஒன்றுக்குப் பத்திரங்களை விளக்குவதற்காக என்னையும் அழைத்திருந்தார்கள். போனபோது, நாற்காலிகளை விரித்துப் போட்டுக்கொண்டும் குழாயடியில் குழந்தைகளை அதட்டிக்கொண்டும் நின்றவர் 41-ஏ-வின் பிட்டர். ஓய்வு பெற்று அங்கேயே வீடு கட்டிக் குடிவந்துவிட்டார். அந்தப் பிரிவின் போர்வெல் மோட்டாரைத் தினமும் விடிகாலையில் போடுகிறவர் அவர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் பள்ளமான தெருவிலிருந்த முதியவர்களை டியூப் கட்டி வெளியே கொண்டுவந்தவரும் அவரே என்று பலர் சொன்னார்கள். சாலைக்குழி, பாம்பு, சாவு, எதுவானாலும் முதலில் தட்டப்படும் கதவு அவருடையது. 41-பி-யை வாங்கியவர் வெளிநாட்டில் இருந்தார். அது வேலியோடு கிடந்தது. பூங்காவை மீட்க வேண்டும் என்று பேசியவர்கள் யாரும் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அவரோ, “என் வீடும் அதுலதான் சார் இருக்கு, எனக்குத் தெரியாதா” என்று தாமே எழுந்து சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதன்பின் வெகுநேரம் யாரும் பேசவில்லை.

கடைசியில் சங்கம் விற்கப்பட்ட இரண்டு மனைகளையும் விட்டுவிட்டு, மிச்சமிருக்கும் 70 அடியையாவது காப்பாற்றுவது என்று முடிவெடுத்தது. இது சரியான முடிவா என்பதில் எனக்கு இன்றும் இரண்டு மனம்தான். பழைய நில உரிமையாளர் இறந்திருந்ததால் புரோமோட்டருடைய அதிகாரப் பத்திரம் செயலற்றுப் போயிருந்தது. அது இந்தக் கதையில் நடந்த ஒரே நல்வாய்ப்பு. வாரிசுகள் ஐந்து பேர். ஒருவர் மகாராஷ்டிரத்தில், ஒருவர் பேச்சுவார்த்தை அற்றுப்போன தம்பி. அம்மையாரும் பிட்டரும் சேர்ந்தே ஐந்து வீடுகளுக்கும் நடந்தார்கள். ஏழு மாதம் ஆயிற்று. எனக்குத் தெரிந்த வரையில், காசு வாங்காமல் ஐந்து வாரிசுகள் ஒரே நாளில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டது அந்த ஒருமுறைதான்.

உள்ளாட்சிக்கான அந்தத் தானப் பத்திரத்தைக் கூலி வாங்காமல் எழுதினேன். கிழமேல் 70 அடி, தென்வடல் 40 அடி, ஆக 2800 சதுர அடி. எல்லைக்கு வந்தபோது, பக்கத்தில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மையார் “மேற்கே என்ன போடுவீங்க?” என்று கேட்டார். மேற்கே மனை எண் 41-பி என்றேன். “அது மனையே இல்லையே, அதையும் நாமே எழுதித்தான் ஆகணுமா?” என்றார். தரையில் இன்று எது இருக்கிறதோ அதைத்தான் எல்லையாகக் காட்ட முடியும், இல்லையென்றால் இந்தப் பத்திரமும் நாளைக்கு நிற்காது என்று சொன்னேன். சொன்னது சரிதான். ஆனாலும் அந்த ‘பி’ என்ற எழுத்தைத் தட்டுவதற்குள் விரல் ஒருமுறை பின்வாங்கிற்று.

சாட்சிகள் இருவர் வேண்டும். முதல் சாட்சியாகப் பிட்டர் உட்கார்ந்தார். முகவரி கேட்டேன். தெருப் பெயரை மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்று நானே சொன்னேன். அவர் ஆதார் அட்டையை மேஜைமேல் வைத்து, “அதுல இருக்கிற மாதிரியே எழுதுங்க சார்” என்றார். மனை எண் 41-ஏ என்று எழுதினேன். அவர் கண்ணாடியை ஏற்றி ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.